தொண்டைப் பை: சாப்பாடு கழுத்தில் நிற்கிறது என்பவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

விழுங்கிய சோறு இறங்காமல் கழுத்திலேயே நிற்கிறது என்று ஒரு முதியவர் சொன்னால், "வயசு போனால் அப்படித்தான்" என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவரும் கஞ்சிக்கு மாறி, மெலிந்து, ஒரு மூலையில் இருந்துவிடுகிறார். சிலருக்கு இதற்குக் காரணம் தொண்டையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் பிதுங்கிய ஒரு பை. அரிதான வருத்தம்தான், ஆனால் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிப்படுத்த முடியும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருப்பவர்கள் வைத்தியரிடம் போகுமுன்பும் போன பின்பும் அறிந்திருக்கவேண்டியதை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

இந்தப் பை எங்கே, எப்படி உண்டாகிறது?

குரல்வளைக்குப் பின்னால், கழுத்தெலும்புக்கு முன்னால். தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் கிரிக்கோபரிஞ்சியஸ் என்றொரு வளையத் தசை இருக்கிறது. சும்மா இருக்கும்போது இறுகி மூடியிருக்கும். விழுங்கும் கணத்தில் தளர்ந்து வழிவிடும். அதற்குச் சற்று மேலே, பின்சுவரில், தசை மெலிந்த முக்கோணமான ஓர் இடம் உண்டு. அதைக் கில்லியன் முக்கோணம் என்பார்கள்.

வயல்காரருக்கு இதை விளக்குவது சுலபம். வாய்க்கால் கதவு சரியாகத் திறக்காவிட்டால் தண்ணீர் மேல்பக்கத்தில் முட்டி, கரையின் பலவீனமான இடத்தைத் தள்ளும். இங்கும் அதுதான் நடக்கிறது. வளையத் தசை நேரத்துக்கு முழுதாகத் திறக்காததால், ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அழுத்தம் அந்த மெலிந்த இடத்தில் விழுகிறது. வருடக்கணக்கில் உட்தோல் அதன் வழியே பிதுங்கிப் பையாகிறது. பெரும்பாலும் இடப்பக்கம் சாய்ந்து தொங்கும். பையின் சுவரில் தசை இல்லாததால், உள்ளே போன உணவைத் தானாகத் தள்ளி வெளியேற்ற அதற்கு முடியாது.

1764 இல் ஆபிரகாம் லட்லோ என்ற ஆங்கிலச் சத்திரசிகிச்சை வைத்தியர் இதை முதலில் விவரித்தார். 1877 இல் ஜெர்மன் நோயியல் அறிஞர் ஸென்கர் இப்படிப்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி எழுதியதால், மருத்துவர்கள் இதை ஸென்கர் டைவர்டிகுலம் என்று சொல்வார்கள். கிளினிக் கொப்பியில் அந்தப் பெயரைக் கண்டால் பயப்படவேண்டாம், இதே பைதான்.

யாருக்கு வருகிறது?

பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதலாக. சாப்பாட்டுப் பழக்கத்தால் வந்தது என்று யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை.

என்ன அறிகுறிகளைக் கவனிக்கவேண்டும்?

தொடக்கத்தில் தொண்டையில் ஏதோ இருப்பதுபோல ஓர் உணர்வு, அடிக்கடி கனைப்பு. பிறகு சோற்றுருண்டை கழுத்தளவில் நிற்கும். பை பெரிதான பிறகு வரும் அறிகுறிதான் முக்கியமானது: சாப்பிட்டுச் சில மணித்தியாலம் கழித்து, குனியும்போதோ படுக்கும்போதோ, சாப்பிட்டது அப்படியே வாய்க்குத் திரும்பிவரும். மத்தியானம் சாப்பிட்ட பருக்கை இரவில் பருக்கையாகவே வரும். காலையில் விழுங்கிய பிரஷர் குளிசைகூட முழுசாக வெளியே வரலாம். இரைப்பையிலிருந்து எதுக்களித்து வருவது புளிக்கும், எரியும். பையிலிருந்து வருவது இரைப்பைக்கே போகாதது, ஆகவே புளிக்காது. இந்த வித்தியாசத்தை வைத்தியரிடம் சொன்னால் அவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

இன்னும் சில உண்டு. தண்ணீர் குடித்தால் கழுத்தில் களகளவென்று சத்தம். எவ்வளவு பல் தீட்டினாலும் போகாத வாய் நாற்றம். இரவில் திடீர் இருமல். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் நியூமோனியா. பையில் தங்கியது நித்திரையில் மூச்சுக்குழாய்க்குள் வழிந்தால் இப்படி ஆகும், இந்த வருத்தத்தில் உயிருக்கு ஆபத்தான பகுதியும் இதுதான்.

சொல்லாமல் விடும் ஒன்றும் உண்டு. இவர்கள் கலியாண வீட்டுக்கும் அன்னதானத்துக்கும் போகாமல் ஒதுங்குவார்கள். நாலுபேர் முன்னால் சாப்பாடு திரும்பி வந்துவிடும் என்ற வெட்கம். வீட்டில் ஒருவர் தனியாக இருந்து சாப்பிடத் தொடங்கினால் காரணத்தைக் கேளுங்கள்.

கேஸ்டிரிக் என்று குளிசை குடித்துக்கொண்டு பார்த்திருக்கலாமா?

கூடாது. வயதான ஒருவருக்கு விழுங்கச் சிரமம் புதிதாக வந்தால் முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். எங்கள் பகுதியில் புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதுவும் சுருட்டும் மதுவும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிரமம் வாரக்கணக்கில் வேகமாகக் கூடினால், இரத்தம் வந்தால், குரல் மாறினால், காதுவரை வலி போனால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கவேண்டாம். உடனே போங்கள்.

தொண்டைப் பையே புற்றுநோயாக மாறுவது மிக அரிது. என்றாலும் பல வருடம் ஒரே மாதிரி இருந்த பை திடீரென்று வலித்தாலோ இரத்தம் காட்டினாலோ மறுபடி பார்க்கவேண்டும்.

முதலில் எங்கே போவது?

வாகரையோ திருக்கோவிலோ பொத்துவிலோ, பக்கத்திலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை ஆகியவை இப்பகுதியின் பெரிய வைத்தியசாலைகள். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்கும் சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. சனல் பண்ணிப் பார்த்தாலும் அந்த நிபுணர் எந்த அரச வைத்தியசாலையில் கிளினிக் நடத்துகிறார் என்று கேட்டுவைத்தால் பிறகு செலவு குறையும்.

கழுத்தை வெட்டாமல் வாய் வழியாகக் கருவி நுழைத்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்குத் தனிக்கருவியும் அதில் பழகிய கையும் வேண்டும். அதனால் கொழும்புக்கு அனுப்புகிறோம் என்று சொன்னால், இங்கே கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம்.

பேரியம் படம் என்கிறார்கள். அது என்ன?

வெள்ளையான, சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு திரவத்தைக் குடிக்கத் தந்து, அது இறங்குவதை எக்ஸ்ரே மூலம் பார்ப்பார்கள். பை இருந்தால் வெள்ளையாக நிரம்பித் தெரியும். பையின் அளவு, அதன் வாய்ப்பகுதி, அது சாய்ந்த பக்கம் எல்லாம் அதிலேயே விளங்கும். இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான பரிசோதனை இல்லை. தண்ணீர் குடித்தால் புரையேறும் வழக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். படம் எடுத்த பின் ஒன்றிரண்டு நாள் மலம் வெள்ளையாகப் போகும், தண்ணீர் கூடுதலாகக் குடித்தால் மலச்சிக்கலைத் தவிர்க்க உதவும்.

எண்டோஸ்கோபிக்குத் திகதி தந்திருக்கிறார்கள். போகலாமா?

போகலாம், சொல்லிவிட்டுப் போங்கள். கமராக் குழாய் உணவுக்குழாய்க்குப் பதிலாக நேரே பைக்குள் நுழையக்கூடும். பையின் சுவர் மெல்லியது, தெரியாமல் தள்ளினால் துளை விழும். "சாப்பாடு பல மணி கழித்துச் செரிக்காமல் திரும்பி வருகிறது, தொண்டைப் பை என்று சந்தேகம்" என்று குழாய் போடுபவரிடம் நோயாளியோ கூடப் போனவரோ சொல்லவேண்டும். முடிந்தால் பேரியம் படம் முதலில் இருக்கட்டும்.

சாப்பாடு கொடுக்க மூக்கு வழியாகக் குழாய் போடும்போதும் இதே ஆபத்து. பாரிசவாதத்தில் வாட்டில் சேர்க்கப்பட்டவர் தானாகப் பேசமாட்டார், அப்போது வீட்டார்தான் வாய் திறக்கவேண்டும்.

குளிசையால், நாட்டு மருந்தால் கரையுமா?

கரையாது. பிதுங்கிய சுவரை உள்ளே இழுக்கும் மருந்து எந்த வைத்திய முறையிலும் இல்லை. தொண்டையைத் தடவிவிடுவதும் உருட்டி அழுத்துவதும் பையிலுள்ளதை மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடக்கூடும். பரியாரியிடம் போகிறவர் கழுத்தில் கைவைக்க விடவேண்டாம்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையா?

வேறு எதற்கோ படம் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிந்த சிறிய பை, தொந்தரவும் இல்லை என்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம். சாப்பாடு திரும்பி வருகிறது, உடல் மெலிகிறது, புரையேறி நெஞ்சில் கிருமி பிடிக்கிறது என்றால் சிகிச்சை வேண்டும். தள்ளிப்போட்டால் பை பெரிதாகும், நோயாளி பலவீனமாவார். பலவீனமான உடம்போடு மேசைக்குப் போவதைவிட முன்னரே போவது நல்லது.

பையை வெட்டி எடுத்தால் போதும்தானே?

போதாது. எல்லோரும் பையைத்தான் வருத்தமென்று நினைக்கிறார்கள். வருத்தத்தின் வேர் அதற்குக் கீழே இறுகி நிற்கும் தசை. பையை மட்டும் நீக்கித் தசையை அப்படியே விட்டால், அதே அழுத்தம் தையலில் முட்டும். தையல் கசியலாம், பை திரும்ப வரலாம். ஆகவே எந்த முறையானாலும் அந்தத் தசையை வெட்டித் தளர்த்துவதுதான் சிகிச்சையின் உயிர். பையை எடுப்பதா, விடுவதா என்பது அதற்குப் பிறகுள்ள கேள்வி. "தசையையும் வெட்டுவீர்களா?" என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

கழுத்தைத் திறந்து செய்யும் முறையில் என்ன நடக்கும்?

முழு மயக்கத்தில், பெரும்பாலும் இடப்பக்கக் கழுத்தில் வெட்டி, பையைக் கண்டெடுத்து, வளையத் தசையை நீளவாக்கில் வெட்டுவார்கள். மிகச் சிறிய பைக்கு அதுவே போதும். நடுத்தரப் பையை மேல்நோக்கித் திருப்பி, உணவு நுழையாதபடி பின்புறத் திசுவோடு தைத்துவிடலாம். பெரிய பையை அடியோடு எடுத்து, அது இருந்த திறப்பைத் தைப்பார்கள். எடுத்துத் தைத்தால் அந்தத் தையல் ஆறச் சில நாள் மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்கவேண்டி வரலாம், வாட்டில் இருக்கும் நாளும் கூடும்.

வாய் வழியாக எப்படிச் செய்கிறார்கள்?

பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு பொதுச்சுவர் இருக்கிறது. இறுகிய தசை அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. வாய் வழியாகப் போய் அந்தச் சுவரை மேலிருந்து கீழாக வெட்டிவிட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்: தசை தளரும், பையும் உணவுக்குழாயும் ஒரே பாதையாகும். பை அங்கேயே இருக்கும், ஆனால் விழுந்த உணவு கீழே இறங்கிவிடும்.

1917 இல் அமெரிக்காவில் மொஷர் என்பவர் இதைச் செய்துபார்த்து, ஒரு நோயாளி இறந்ததால் கைவிட்டார். வெட்டிய ஓரத்தின் வழியே நெஞ்சறைக்குள் கிருமி இறங்குவதுதான் அன்றைய பயம். 1960 இல் டோல்மன் மின்சூட்டால் வெட்டும் முறையைக் கொண்டுவந்தார், பின்னர் லேசர் வந்தது. 1993 இல் ஸ்டேப்லர் வந்த பிறகுதான் பலரும் துணிந்து இந்தப் பக்கம் வந்தார்கள். அது வெட்டும்போதே இருபக்க ஓரத்தையும் உலோக ஊசிகளால் வரிசையாகத் தைத்துவிடும்.

ஸ்டேப்லருக்கு முழு மயக்கமும், வாய்க்குள் வைக்கும் விறைப்பான இருசொண்டுக் குழாயும் வேண்டும். வேலை பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும், வெளியில் காயம் இல்லை. கருவியின் நுனி கடைசிப் பகுதியை வெட்டாது என்பதால், ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த பைக்கு அது சரிவராது.

வளையும் குழாயால் செய்வது வேறா?

ஆம். 1995 முதல் சாதாரண எண்டோஸ்கோபிக் குழாயாலேயே அந்தச் சுவரை மின்கத்தியால் வெட்டி, அடியில் கிளிப் போடுகிறார்கள். கழுத்தைப் பின்னுக்கு வளைக்கத் தேவையில்லை, சிலருக்கு முழு மயக்கமும் வேண்டியதில்லை. கடந்த பத்து வருடத்தில் இன்னொன்று வந்திருக்கிறது: உட்தோலில் சிறு துளையிட்டு, அதனடியில் சுரங்கம்போலப் போய், தசையை மட்டும் அடிவரை வெட்டித் துளையை மூடிவிடுவது. தசை முழுதாக வெட்டுப்படும் என்பது அதன் நன்மை. உலகம் முழுவதிலுமே இதைப் பழகியவர்கள் குறைவு.

எது சிறந்தது?

என் எண்ணத்தில் கேள்வியை இப்படிக் கேட்கவேண்டும்: இந்த வைத்தியர் எதை அடிக்கடி செய்கிறார்? ஒருவர் கைவந்து செய்யும் பழைய முறை, எப்போதாவது செய்யும் புதிய முறையைவிடப் பாதுகாப்பானது. மற்றபடி, முதுமையும் வேறு வருத்தங்களும் உள்ளவருக்கு வாய்வழி முறை உடம்புக்கு இலகு. திறந்து செய்தால் திரும்ப வரும் வாய்ப்புக் குறைவு, ஆனால் சிக்கல் கூட. பை மிகப் பெரிதானால், அல்லது வாய்வழியாகச் செய்தும் சரிவராவிட்டால், திறந்து செய்வதை யோசிப்பார்கள்.

மாமி நெடுங்காலம் வெற்றிலை போட்டவா. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். வாய் வழியாகச் செய்ய ஏலுமா?

விறைப்பான குழாய் போவது கஷ்டம். பாக்கு வாயின் உட்தோலைத் தடிக்கவைத்துத் திறப்பைக் குறுக்கிவிடுகிறது. கழுத்து நிமிராதவர்களுக்கும், முன்பல் நீண்டவர்களுக்கும் இதே தடை. வளையும் குழாயோ கழுத்து வழியோ மிஞ்சும். குறுகிய வாய் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் சிக்கல் என்பதால் முதல் நாளே அவரிடம் காட்டவேண்டும். அத்துடன், இப்படி வாய் குறுகிய நிலை பின்னர் புற்றுநோயாக மாறக்கூடியது. அதற்கெனத் தனியாகத் தொடர்ந்து காட்டுங்கள், வெற்றிலையை நிற்பாட்டுங்கள்.

வாப்பாவுக்கு 82 வயது. தாங்குவாரா?

வயது மட்டும் தடையில்லை, இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்களே. இதயம், நுரையீரல், சீனி வருத்தம் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். சிகிச்சை செய்யாமல் விட்டால் பட்டினியும் புரையேறலும் இருக்கும் என்பதையும் தராசில் வைக்கவேண்டும்.

என்ன ஆபத்துகள்?

வெட்டிய இடம் கசிந்து, நெஞ்சறைக்குள் கிருமி பரவுவதுதான் பெரியது. அரிது, ஆனால் உயிரைத் தொடும். குரல் நரம்பு அருகில் ஓடுவதால் குரல் கரகரக்கலாம். திறந்து செய்யும்போது இது கூடுதலாக நிகழும், பலருக்குப் பின்னர் சரியாகும். பல் உடைதல், இரத்தக் கசிவு, கழுத்துத் தோலின் கீழ் காற்றுச் சேர்தல் ஆகியவையும் உண்டு.

போகுமுன் என்ன ஆயத்தம்?

அஸ்பிரின், குளோபிடோகிரல், வோர்பரின் போன்ற இரத்தம் உறையாமல் குடிக்கும் மருந்துகளின் பட்டியலைக் கொடுங்கள். நீங்களாக நிற்பாட்டவேண்டாம், எப்போது நிற்பாட்டுவது என்று அவர்கள் சொல்வார்கள். ஆடும் பல், கட்டுப்பல் இருந்தால் காட்டுங்கள். கடைசி ஒன்றிரண்டு நாள் திரவ உணவு மட்டும் எடுக்கச் சொல்லலாம். இரவு முழுக்கப் பட்டினி இருந்தாலும் பைக்குள் பழைய உணவு இருக்கும் என்பதை மயக்க மருந்து வைத்தியருக்கு நினைவூட்டுங்கள்.

பிறகு என்ன சாப்பிடலாம்?

வாய்வழி என்றால் பெரும்பாலும் மறுநாளே தண்ணீர், தேத்தண்ணீர், வடித்த கஞ்சி தொடங்குவார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரம் குழைந்த சாப்பாடு: அரிசிக் கஞ்சி, ஆறிய குரக்கன் கூழ், மசித்த பருப்பு, நமது எருமைத் தயிர், சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம். பிட்டு காய்ந்து தொண்டையில் ஒட்டும், கொஞ்சக் காலம் வேண்டாம். முள்மீன், கருவாடு, இறைச்சித் துண்டு, பொரியல், ரொட்டி எல்லாம் வைத்தியர் சொன்ன பிறகு. நிமிர்ந்திருந்து சிறு வாயாகச் சாப்பிடட்டும், சாப்பிட்ட கையோடு படுக்கவேண்டாம். சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களிலும் இதையே கடைப்பிடிக்கலாம்.

நோன்பு பிடிக்கலாமா?

சிகிச்சை முடிந்து ஆறும் வாரங்களில் வேண்டாம். நோயாளி நோன்பை விட்டு, விட்ட நோன்பைப் பின்னர் பிடித்துக் கழாச் செய்ய மார்க்கம் இடம் தருகிறது. நன்றாகச் சுகமான பின் வைத்தியரைக் கேட்டுப் பிடிக்கலாம். நோன்பு திறக்கும்போது அவசரமாக விழுங்காமல், பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, கஞ்சியோடு மெதுவாகத் தொடங்கட்டும்.

கொழும்பில் செய்தால் எப்போது ஊருக்கு வரலாம்?

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். கசிவு இருந்தால் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் காட்டும், அது இரவு பஸ்ஸில் காட்டக்கூடாது. வீடு போகத் துண்டு வெட்டிய அன்றே புறப்படாமல், தெரிந்தவர் வீட்டில் இரண்டு நாள் தங்க முடியுமென்றால் தங்குங்கள். எந்த வைத்தியசாலைக்குப் பின்னர் காட்டவேண்டும் என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் எதைக் கண்டால் ஓடவேண்டும்?

காய்ச்சல், நெஞ்சு வலி, இரு தோளுக்கும் நடுவில் முதுகு வலி, மூச்சு வாங்குதல், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறவென்று இருப்பது, எச்சில்கூட விழுங்க ஏலாமை. இவற்றில் ஒன்று வந்தாலும் வாயால் எதுவும் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்கு. 1990 இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கும் வருத்தம் இதில்லை.

திரும்ப வருமா?

சிலருக்கு வரும், அதுவும் வாய்வழி முறைக்குப் பின் சற்றுக் கூடுதலாக. மறுபடி வாய் வழியாகவே வெட்டலாம், அல்லது கழுத்து வழியாகச் செய்யலாம். சிகிச்சைக்குப் பின் பேரியம் படம் எடுத்தால் மிச்சப் பை தெரியத்தான் செய்யும். சாப்பாடு இறங்குகிறது, திரும்பி வரவில்லை என்றால் படத்தைப் பார்த்துக் கலங்கவேண்டாம்.

பழைய படங்களையும் துண்டுகளையும் எறியலாமா?

வேண்டாம். பேரியம் படம், சத்திரசிகிச்சை விவரம், வீடு போகும்போது தந்த துண்டு எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியோடு ஒரே உறையில் வையுங்கள். போனில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு வருத்தத்துக்காக யாராவது தொண்டை வழியாகக் குழாய் போட வந்தாலும், முதலில் அந்த உறையைத்தான் அவர் பார்க்கவேண்டும்.